வேளை தவறாத புரதங்கள்: கருவில் விந்தகம் உருவாகும் விதம்

(சென்னை, இராஜா அண்ணாமலைபுரம்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பாலூட்டிகளின் கருவில் தொடக்கத்தில் விந்தகமும் இல்லை, அண்டகமும் இல்லை. முதுகெலும்புக்கு இருபுறமும், சிலகாலம் இருந்து மறையும் இடைச் சிறுநீரகத்தின் உள்ளோரத்தில், மெல்லிய மேடு ஒன்று எழுகிறது. மனிதக் கருவில் இது ஐந்தாம் வாரத்தில் தெரிகிறது; சுண்டெலியில் பத்தாம் நாளையொட்டி. இதை இனச்சுரப்பி மேடு என்பர். எக்ஸ்எக்ஸ் கருவின் மேட்டையும் எக்ஸ்ஒய் கருவின் மேட்டையும் அருகருகே வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. கல்லீரலின் அரும்பு கல்லீரலாக வளரும், அல்லது வளராமல் போகும். அதற்கு மூன்றாவது வழி கிடையாது. இந்த மேட்டுக்கு மட்டும் முழுமையான இரண்டு உறுப்புகளில் ஏதேனும் ஒன்றாக ஆகும் திறன் இருக்கிறது.

மேடு எழுவதற்கே பல புரதங்கள் வேண்டும். டபிள்யூ.டி.-1, எஸ்.எஃப்.-1, கேட்டா-4 ஆகியவை இவற்றில் முதன்மையானவை. மூன்றும் படியெடுத்தல் காரணிகள், டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, மற்ற மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்பவை. டபிள்யூ.டி.-1 குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் என்ற சிறுநீரகப் புற்றுநோயின் வழியாக 1990இல் அடையாளம் காணப்பட்டது. சிறுநீரகமும் இனச்சுரப்பியும் கருவில் அண்டை வீட்டுக்காரர்கள் என்பதால் ஒன்றின் கோளாறு மற்றதிலும் தெரிவது இயல்பே. இந்த ஒரு மரபணுவிலிருந்து மூன்றே மூன்று அமினோ அமிலங்களால் வேறுபடும் இரு புரத வடிவங்கள் உருவாகின்றன. அவற்றின் விகிதம் பிறழ்ந்தால் எக்ஸ்ஒய் கருவில் விந்தகம் உருவாகாமல் போவதும், பின்னாளில் சிறுநீரகம் பழுதாவதும் ஃபிரேசியர் நோய்த்தொகுதி எனப்படும். மரபணு இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வி மட்டும் போதாது என்பதற்கு இது முதல் சான்று. ஒரு கருவின் எல்லாச் செல்களிலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. எந்தச் செல்லில், எந்த வேளையில், எந்த அளவில், எந்த வடிவத்தில் புரதம் உருவாகிறது என்பதே உறுப்பைத் தீர்மானிக்கிறது. புரத வெளிப்பாடு என்ற சொல்லின் பொருள் இதுதான்.

எக்ஸ்ஒய் கருவில் முதல் அசைவைத் தருவது எஸ்.ஆர்.ஒய். என்னும் புரதம். இதைக் கண்டடைய எடுத்த பாதை நேரானதன்று. 1970களில் எச்-ஒய் என்ற செல்பரப்புப் புரதமே விந்தகத்தை உருவாக்குவதாகக் கருதப்பட்டது. 1987இல் இசட்.எஃப்.ஒய். என்ற மரபணு முன்வைக்கப்பட்டு இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இந்த வரிசையில் ஓர் இந்தியப் பெயரும் உண்டு. பின்னர் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் இயக்குநரான லால்ஜி சிங், பட்டைக் கட்டுவிரியன் பாம்பின் பெண்ணுக்குரிய டபிள்யூ குரோமோசோமில் மிகுந்திருந்த ஒரு டி.என்.ஏ. தொடரை ஆராய்ந்துகொண்டிருந்தார். எடின்பரோவில் கென் ஜோன்ஸுடன் சேர்ந்து, அத்தொடரையே அடையாளமாகக் கொண்டு, எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்களோடு ஆணாக வளரும் ஒருவகைச் சுண்டெலிகளில் ஒய் குரோமோசோமின் துண்டொன்று எக்ஸுக்கு இடம் மாறியிருப்பதை 1982இல் காட்டினார். அந்தப் பாம்புத் தொடர் பாலைத் தீர்மானிக்கும் மரபணுவாக இருக்கவில்லை. ஆனால் ஒய் குரோமோசோமின் சிறுதுண்டு ஒன்றே விந்தகத்துக்குப் போதும் என்ற முடிவு நிலைத்தது. அந்தத் தொடரோ இந்தியாவின் டி.என்.ஏ. ரேகைப் பதிவுக்கு அடித்தளமாயிற்று. தவறான வாசலைத் தட்டி நல்ல வீட்டுக்குள் நுழைந்த கதை அறிவியலில் அரிதன்று.

1990இல் லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவெல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் ஒய் குரோமோசோமின் குறுங்கரத்தில் எஸ்.ஆர்.ஒய். மரபணுவைக் கண்டறிந்தன. 1991இல் அதன் சுண்டெலி வடிவத்தை எக்ஸ்எக்ஸ் கருவில் செலுத்தியபோது அது விந்தகத்தோடு ஆணாக வளர்ந்தது. மனித எஸ்.ஆர்.ஒய். புரதத்தின் நீளம் 204 அமினோ அமிலங்கள். நடுவிலுள்ள சுமார் 80 அமினோ அமிலப் பகுதி டி.என்.ஏ.யின் இடுக்கில் புகுந்து அதை வளைக்கிறது. இப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தப் பகுதியில்தான் விழுகின்றன.

எஸ்.ஆர்.ஒய். வந்துபோகும் வேகம் வியப்பூட்டுவது. சுண்டெலிக் கருவில் பத்தரை நாளில் தலைகாட்டி, பதினொன்றரை நாளில் உச்சம் தொட்டு, பன்னிரண்டரை நாளுக்குள் மறைந்துவிடுகிறது. மேட்டின் நடுப்பகுதியில் தொடங்கி இரு முனைகளுக்கும் அலைபோலப் பரவுகிறது. அலை கடந்த செல்களில் தடமே இல்லை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், வேண்டிய வேளையில் எஸ்.ஆர்.ஒய்.யை இயக்கக்கூடிய எக்ஸ்எக்ஸ் சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தனர். பதினோராம் நாளின் முதல் 6 மணி நேரத்துக்குள் புரதம் தோன்றினால் விந்தகம் உருவாயிற்று. அதற்குப் பிறகு எவ்வளவு புரதம் தந்தும் பயனில்லை. மேடு அண்டக வழியில் இறங்கிவிட்டிருந்தது. ஆறு மணி நேரம் என்பது சுண்டெலியின் மூன்று வார கர்ப்பத்தில் எண்பதில் ஒரு பங்குதான். மனிதக் கருவில் வேகம் குறைவு. சுமார் 41ஆம் நாளில் தொடங்கி 44ஆம் நாளில் உச்சமடையும் எஸ்.ஆர்.ஒய்., அதன் பின்னும் குறைந்த அளவில் தொடர்கிறது.

மரபணுவின் படிவம் இருந்தும் புரதம் நிற்காமல் போகலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2020இல் கிடைத்தது. முப்பது ஆண்டுகளாக ஒரே துண்டு என்று எண்ணப்பட்ட சுண்டெலி எஸ்.ஆர்.ஒய். மரபணுவில், திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளுக்கு நடுவே இரண்டாவது துண்டு ஒன்று ஒளிந்திருந்தது. முதல் துண்டிலிருந்து மட்டும் உருவாகும் புரதத்தின் வாலில் ‘என்னை அழித்துவிடு’ என்று செல்லுக்குச் சொல்லும் பகுதி உள்ளது. அது உருவான வேகத்திலேயே சிதைக்கப்படுகிறது. இரு துண்டுகளும் சேர்ந்து தரும் புரதத்துக்கே ஆயுள் உண்டு, விந்தகத்தை உருவாக்குவதும் அதுவே. ஆர்.என்.ஏ.யை மட்டும் அளந்து புரதத்தைப் பற்றி முடிவுகட்டுவோர் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

எஸ்.ஆர்.ஒய்.யின் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்: சாக்ஸ்-9 என்ற மற்றொரு படியெடுத்தல் காரணியை எழுப்பிவிடுவது. சாக்ஸ்-9 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இரு பால் மேடுகளிலும் சிறிதளவு சாக்ஸ்-9 முதலில் இருக்கிறது. எக்ஸ்ஒய் கருவில் எஸ்.ஆர்.ஒய்.யும் எஸ்.எஃப்.-1உம் சேர்ந்து அதை ஒரு வரம்புக்கு மேல் உயர்த்துகின்றன. வரம்பைத் தாண்டியதும் சாக்ஸ்-9 தன் மரபணுவைத் தானே இயக்கிக்கொள்கிறது, எஸ்.ஆர்.ஒய். விலகலாம். தள்ளிவிட்டு ஓடவைத்த வண்டி, இன்ஜின் பற்றிய பிறகு தள்ளியவரைத் தேடாது. மரபணுவுக்கு வெகுதொலைவில் இருக்கும் 557 எழுத்து நீளமுள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை நீக்கினாலே எக்ஸ்ஒய் சுண்டெலி அண்டகத்தோடு பிறக்கிறது என்று 2018இல் காட்டப்பட்டது. மனிதரில் சாக்ஸ்-9இன் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே எலும்புகள் வளைந்த கடும் பிறவிக் கோளாறு ஏற்படுகிறது. அக்கோளாறுள்ள எக்ஸ்ஒய் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு விந்தகம் சரியாக உருவாவதில்லை. பாதி அளவு புரதம் போதவில்லை என்பதே இதன் பொருள்.

எதிர்த் தரப்பும் சும்மா இருப்பதில்லை. விண்ட்-4, ஆர்-ஸ்பாண்டின்-1, பின்னர் ஃபாக்ஸ்-எல்-2 ஆகியவை மேட்டை அண்டகமாக்க முனைகின்றன. சாக்ஸ்-9 எழுந்த செல்கள் எஃப்.ஜி.எஃப்.-9 என்ற புரதத்தைச் சுரக்க, அது அக்கம்பக்கச் செல்களில் விண்ட்-4ஐ அடக்கிச் சாக்ஸ்-9ஐத் தாங்கிப்பிடிக்கிறது. எஃப்.ஜி.எஃப்.-9 இல்லாத எக்ஸ்ஒய் சுண்டெலியில் சாக்ஸ்-9 எழுகிறது, ஆனால் நிலைக்காமல் விழுந்துவிடுகிறது. பெண் என்பது எதுவும் நடக்காவிட்டால் கிடைக்கும் மீதி நிலை என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தது இதனால் பொய்யாகிவிட்டது. பிறந்து வளர்ந்த பின்னும் இந்தப் பிடி தளர்வதில்லை. வளர்ந்த பெண் சுண்டெலியின் அண்டகத்தில் ஃபாக்ஸ்-எல்-2ஐ நீக்கியபோது அங்குள்ள செல்கள் விந்தகச் செல்களின் சாயலுக்கு மாறின (2009). ஆண் சுண்டெலியின் விந்தகத்தில் டி.எம்.ஆர்.டி.-1 என்ற புரதத்தை நீக்கியபோது செல்கள் அண்டகத்தின் பக்கம் சாய்ந்தன (2011).

இந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதை ஆட்டுக் கிடையிலும் காணலாம். கொம்பில்லா ஆட்டை மோழை என்பர். கொம்பில்லாத் தன்மையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற எக்ஸ்எக்ஸ் குட்டி, சில ஐரோப்பிய இனங்களில், கிடாவாக வளர்ந்து மலடாக நிற்கும். ஃபாக்ஸ்-எல்-2 மரபணுவுக்கு அருகே 11,700 எழுத்துகள் காணாமல் போயிருப்பதே காரணம் என்று 2001இல் தெரிந்தது. ஒய் இல்லை, எஸ்.ஆர்.ஒய். இல்லை, அண்டகத்தைக் காக்கும் புரதம் குறைந்தது, விந்தகம் எழுந்தது. ஜப்பானின் அமாமி தீவிலுள்ள முள்மயிர் எலி இன்னும் விசித்திரம். அந்த இனத்தில் ஒய் குரோமோசோமே அழிந்துபோய், இரு பாலுக்கும் 25 குரோமோசோம்கள்தான் உள்ளன. ஆணில் மட்டும் சாக்ஸ்-9க்கு முன்னால் 17,000 எழுத்து நீளமுள்ள பகுதி இரட்டித்திருப்பது 2022இல் கண்டறியப்பட்டது. எஸ்.ஆர்.ஒய். செய்த வேலையை அந்த இரட்டிப்பு செய்கிறது. தள்ளுபவர் யாராயினும் வண்டி சாக்ஸ்-9தான்.

சாக்ஸ்-9 நிலைபெற்ற செல்கள் செர்டோலி செல்களாகின்றன. 1865இல் இத்தாலியரான என்ரிகோ செர்டோலி விவரித்த இவையே விந்தகத்தின் அமைப்பாளர்கள். இவை ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து, நடுவில் கருவின் இனச்செல்களை வைத்து, நாண்களாக அணிவகுக்கின்றன. வெளிப்புறம் லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகிய புரதங்களாலான அடித்தளச் சவ்வு படிகிறது. இடைச் சிறுநீரகப் பக்கமிருந்து இரத்தக்குழாய்ச் செல்கள் உள்ளே புகுந்து நாண்களுக்கு இடையே பாத்தி பிரிப்பதுபோல் எல்லை வகுக்கின்றன. சுண்டெலியில் பன்னிரண்டரை நாளிலேயே இந்த நாண்கள் தெரிகின்றன. அண்டகத்தில் அதே வேளையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இருக்காது.

இனச்செல்கள் இந்த மேட்டில் பிறந்தவை அல்ல. கருவுணவுப் பையின் அடிவாரத்தில் தோன்றி, குடலின் ஓரமாக நகர்ந்து வந்து சேர்பவை. விந்தணுவாவதா, அண்டமாவதா என்பதை அவை தம் குரோமோசோமைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. வந்து தங்கிய வீட்டின் வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. அண்டகத்தில் அவை கருவிலேயே குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடும். விந்தகத்தில் செர்டோலி செல்கள் சி.ஒய்.பி.-26-பி-1 என்ற நொதியால் ரெட்டினாயிக் அமிலத்தைச் சிதைத்து, அந்தத் தொடக்கத்தைத் தடுக்கின்றன. இனச்செல்களுக்குள் நானோஸ்-2 என்ற புரதம் எழுந்து காவலை இறுக்குகிறது. ரெட்டினாயிக் அமிலம் எவ்வளவு இன்றியமையாதது என்பதில் 2020க்குப் பிறகு கருத்து வேறுபாடு எழுந்திருக்கிறது. அதன் ஏற்பிகள் இல்லாத கருவிலும் குன்றல் பகுப்பு தொடங்குவதைச் சிலர் காட்டியுள்ளனர். ஆயினும் ஆணின் இனச்செல்கள் பிறப்புவரை உறங்கிக் கிடப்பதும், அந்த உறக்கத்தைச் செர்டோலி செல்கள் காப்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிற்கின்றன.

காளைக்கன்றைக் காயடித்தால் அது எருதாகும், பசுவாகாது. உழவர் எல்லோரும் அறிந்த இந்த உண்மைக்குள் ஓர் உயிரியல் செய்தி மறைந்திருக்கிறது: பிறக்கும் முன்பே உடல் ஒரு வழியில் கட்டப்பட்டுவிட்டது. கட்டப்படுவதற்கு முன் விந்தகத்தை அகற்றினால் என்ன ஆகும்? பாரிசில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1940களில் இதைத்தான் செய்தார். தாயின் வயிற்றில் இருக்கும் முயல் வளர்கருவின் விந்தகங்களை எடுத்துவிட்டுக் கருப்பையைத் தைத்து மூடினார். குட்டிகள் எல்லாம், குரோமோசோம் எதுவாயினும், கருப்பையும் கருக்குழாயும் கொண்டு பிறந்தன. விந்தகம் இருந்த இடத்தில் டெஸ்டோஸ்டீரோன் வைத்தபோது ஆணின் நாளங்கள் தப்பிப் பிழைத்தன, ஆனால் கருப்பையும் மறையவில்லை. ஆகவே விந்தகத்திலிருந்து இரண்டாவது பொருள் ஒன்றும் வர வேண்டும் என்று 1947இல் அவர் முடிவுக்கு வந்தார்.

அந்த இரண்டாவது பொருள்தான் முல்லேரியன் எதிர்ப்பு ஹார்மோன், சுருக்கமாக ஏ.எம்.எச். இரு சம பாதிகள் இணைந்த சர்க்கரைப் புரதம். எடை சுமார் 1,40,000 டால்டன். மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. செர்டோலி செல்கள் சுரக்கும் முதல் ஹார்மோன் இதுவே. சாக்ஸ்-9 அதன் மரபணுவைத் திறக்க, எஸ்.எஃப்.-1, கேட்டா-4, டபிள்யூ.டி.-1 ஆகியவை அளவைக் கூட்டுகின்றன. மேடு எழுவதற்கு உதவிய அதே மூவர் இங்கு வேறு பணியில் வருவது கவனிக்கத்தக்கது. மனிதக் கருவில் எட்டாம் வாரத்தை ஒட்டி ஏ.எம்.எச். சுரக்கிறது; கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் ஆகவேண்டிய முல்லேரியன் நாளங்கள் கரைகின்றன. இதற்கும் காலக்கெடு உண்டு. பிந்தி வந்தால் நாளங்கள் அசைந்துகொடுப்பதில்லை. ஏ.எம்.எச். அல்லது அதன் ஏற்பி இல்லாத ஆண்கள் மற்ற வகையில் முழு ஆண்களாகவே வளர்கிறார்கள். குடலிறக்க அறுவையின்போது உள்ளே கருப்பையைக் கண்டு மருத்துவர் திகைப்பதுண்டு. ஸ்வையர் நோய்த்தொகுதியில் இதற்கு நேர்மாறு: எக்ஸ்ஒய் இருந்தும் விந்தகமே உருவாகாததால் ஏ.எம்.எச். இல்லை, கருப்பை இருக்கிறது, பெண்ணாகவே வளர்கிறார். அத்தகையோரில் 15 சதவீத அளவினரிடம் மட்டுமே எஸ்.ஆர்.ஒய்.யில் பிழை காணப்படுகிறது. மற்றவர்களில் சங்கிலியின் பிற கண்ணிகள் அறுந்திருக்கின்றன.

ஏ.எம்.எச்.இன் வேகத்தை மாட்டுத் தொழுவத்திலும் காணலாம். பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையும் மற்றது கிடாரியுமானால், அந்தக் கிடாரி பெரும்பாலும் மலடாகும். 90 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான். இரு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்கள் இணைந்துவிடுவதால் அண்ணன் விந்தகம் சுரக்கும் ஏ.எம்.எச். தங்கையின் உடலுக்குள் போய், அவள் கருப்பை நாளங்களையும் அண்டகத்தையும் குலைத்துவிடுகிறது.

ஜோஸ்டின் முதல் பொருளான டெஸ்டோஸ்டீரோன் நாண்களுக்கு வெளியே உள்ள லீடிக் செல்களில் உருவாகிறது. டெஸ்டோஸ்டீரோன் தானே புரதம் அன்று. கொழுப்பிலிருந்து வரும் ஸ்டீராய்டு. ஆனால் அதைச் செய்யும் கைகள் அனைத்தும் புரதங்கள். ஸ்டார் என்ற புரதம் கொலஸ்டிராலை மைட்டோகாண்டிரியாவுக்குள் சேர்க்கிறது. சி.ஒய்.பி.-11-ஏ-1 அதன் வாலை வெட்டுகிறது. அடுத்தடுத்த நொதிகள் அதை ஆண்ட்ரோஸ்டீன்டையோனாக்கி, இறுதியில் டெஸ்டோஸ்டீரோனாக்குகின்றன. சுண்டெலியின் கருவில் இங்கு ஒரு விந்தை உண்டு. கடைசிப் படிக்குரிய நொதி கருக்கால லீடிக் செல்களில் இல்லை, செர்டோலி செல்களில் இருக்கிறது. ஒரு செல் பாதி சமைத்துத் தர, மற்றது தாளித்து இறக்குகிறது. லீடிக் செல்களை உருவாகும்படி தூண்டுவதும் செர்டோலி செல்கள் சுரக்கும் டி.எச்.எச். என்ற புரதமே. மனிதக் கருவில் எட்டாம் வாரம் லீடிக் செல்கள் தோன்றி, நஞ்சுக்கொடியின் எச்.சி.ஜி. ஹார்மோன் உந்த, 12 முதல் 14 வாரங்களில் டெஸ்டோஸ்டீரோன் உச்சமடைகிறது. வெளிப்பாலுறுப்பு ஆணுக்குரியதாக அமைவது இந்த வாரங்களில்தான்.

லீடிக் செல்களின் மற்றொரு சுரப்பு ஐ.என்.எஸ்.எல்.-3, இன்சுலின் குடும்பத்துப் புரதம். சிறுநீரகத்தருகே உருவான விந்தகத்தை விதைப்பை வரை கொண்டுவர, அதன் அடியில் கட்டியிருக்கும் ஒரு தசைநாரை இது தடிக்கச் செய்கிறது. மனிதரில் வயிற்றுக்குள் நிகழும் முதல் இறக்கம் 8 முதல் 15 வாரங்களில் இதனாலும், கவட்டு வழியான இரண்டாம் இறக்கம் ஏழாம் மாதத்தையொட்டி டெஸ்டோஸ்டீரோனாலும் நடக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 2 முதல் 4 சதவீதத்தினருக்கு விந்தகம் இறங்காமல் இருக்கிறது. யானைக்கோ அது ஒருபோதும் இறங்குவதில்லை. முதுமலைக் காட்டின் பெருங்கொம்பனுக்கும் விந்தகம் சிறுநீரகத்தின் அருகேதான். 71 பாலூட்டி இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டின் ஆய்வு, யானையின் தூரத்து உறவினரான கடற்பசு முதலிய நான்கில் ஐ.என்.எஸ்.எல்.-3உம் அதன் ஏற்பியும் சிதைந்த எச்சங்களாகக் கிடப்பதைக் கண்டது. யானையில் அந்த மரபணுக்கள் இன்னும் கெடவில்லை. இருந்தும் ஏன் இறக்கமில்லை என்பது திறந்த கேள்வி.

இவ்வளவு சிறிய உறுப்பில் புரதத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? பதினொன்றரை நாள் சுண்டெலிக் கருவின் மேடு கடுகளவு கூட வராது. மெல்லிய சீவல்களாக்கி, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளால் தடவி, ஒளிரும் சாயத்தில் பார்ப்பது ஒரு வழி. எந்தச் செல்லில் என்பது அதில் தெரியும். திசுவை அரைத்துப் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தாளில் ஒற்றி, எதிர்ப்பொருளால் அளப்பது மற்றொரு வழி. அதில் எவ்வளவு என்பது தெரியும், இடம் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமை பெறும்.

இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து தெற்கே போனால் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர் என்பதை நினைத்தால், கருவின் விந்தகத்தை ஆராயும் இடத்துக்கு அவர் பெயர் பொருத்தமே. அதன் நாளமில்லாச் சுரப்பியியல் துறையில் எம். மைக்கேல் அருள்தாஸும் உடனாய்வாளர்களும் நெடுங்காலம் குரோமியத்தின் விளைவை ஆராய்ந்தனர். காரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே தோல் பதனிடுதலின் நினைவு. இராணிப்பேட்டையில் குரோமேட் உற்பத்தியின் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து நிலத்தடி நீரில் கலந்தது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், அதன் நச்சு குறைவு. அதற்கு மூலப்பொருளான ஆறு இணைதிறன் குரோமியமோ சல்ஃபேட்டைப்போல் வேடமிட்டுச் செல்லுக்குள் எளிதில் நுழைகிறது. உள்ளே மூன்றாக ஒடுங்கும்போது, திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்களை விடுவிக்கிறது.

முதலில் அவர்கள் வளர்ந்த ஆண் விலங்குகளைப் பார்த்தனர். தென்னிந்தியக் குல்லாய்க் குரங்குகளுக்கு ஆறு மாதம் குரோமியம் கலந்த குடிநீர் தந்தபோது விந்தகத்தின் நுண்ணமைப்பு சிதைந்தது. பிறகு கேள்வி கருவுக்கு நகர்ந்தது. எலியின் கர்ப்பம் மூன்று வாரம். பதின்மூன்றரை நாளில் செர்டோலி செல்கள் உருவாகின்றன. ஆகவே கர்ப்பிணி எலிகளில் ஒரு தொகுதிக்கு 9 முதல் 14ஆம் நாள் வரையும், மற்றொரு தொகுதிக்கு 15 முதல் 21ஆம் நாள் வரையும் லிட்டருக்கு 50, 100, 200 மில்லிகிராம் அளவுகளில் குரோமியம் கலந்த நீர் தரப்பட்டது. அதன்பின் நஞ்சு நிறுத்தப்பட்டது. பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்த பிறகு அவற்றின் விந்தகத்தில் புரதங்கள் அளக்கப்பட்டன.

2017இல் வெளியான முடிவின்படி, செர்டோலி செல்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிணைக்கும் புரதங்களும், அச்செல்களுக்கு வேண்டிய ஹார்மோன் ஏற்பிகளும் குறைந்திருந்தன. இந்தப் பிணைப்புப் புரதங்கள்தாம் இரத்தத்துக்கும் விந்தணுக்களுக்கும் இடையே தடுப்பு எழுப்புபவை. 2021இல் அதே ஆய்வுக்குழு, பருவமடையும் வயதிலிருந்த குட்டிகளில் ஸ்டீராய்டு தயாரிக்கும் பாதை குலைந்திருப்பதையும் காட்டியது. குட்டிகள் தம் வாழ்நாளில் குரோமிய நீரைக் குடித்ததில்லை. தாய் குடித்த சில நாள் நீர், மேடு வழிபிரியும் வேளையில் செர்டோலி செல்களைத் தொட்டுவிட்டது. அந்தச் செல்களின் பழக்கம் வளர்ந்த பிறகும் திருந்தவில்லை.

இந்த அளவுகள் குடிநீருக்கான இந்தியத் தர வரம்பைவிட, அதாவது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைவிட, 1,000 முதல் 4,000 மடங்கு மிகுதி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எலியின் கருவில் ஒரு வாரத்தில் முடியும் நிகழ்ச்சி மனிதக் கருவில் பல வாரம் நீள்கிறது. ஆகவே அட்டவணையை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

தாயின் உடல்நிலை கருவின் புரதத்தைத் தொடும் மற்றொரு வழி 2025இல் ஜப்பானிலிருந்து வெளிவந்தது. எஸ்.ஆர்.ஒய். மரபணு சாதாரணமாக ஒரு வேதிப் பூட்டால் மூடப்பட்டிருக்கிறது. கே.டி.எம்.-3-ஏ என்ற நொதி அந்தப் பூட்டைக் கழற்றுகிறது; நொதி இயங்க இரும்பு வேண்டும். தாய்ச் சுண்டெலியின் இரும்பை மருந்தால் வெகுவாகக் குறைத்தபோது, எக்ஸ்ஒய் குட்டிகளில் சில அண்டகத்தோடு பிறந்தன. உணவில் மட்டும் இரும்பைக் குறைத்தபோது, அந்த நொதியின் ஒரு பிரதி ஏற்கெனவே கெட்டிருந்த குட்டிகளில்தான் இது நிகழ்ந்தது. மனிதரில் இத்தகைய விளைவு காட்டப்படவில்லை. இரத்தசோகை மிகுந்த நாட்டில் இந்தச் செய்தி தலைப்புச் செய்தியாகித் திரிவது எளிது என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது: கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவது அவருடைய இரத்தத்துக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும்தான். குழந்தை ஆணாகப் பிறப்பதற்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பில்லை.